அடிபட்டவரைத் தொடலாமா, கூடாதா?

2 பிப்ரவரி 2026, மாலை (கேள்வி)

பயிற்சி எடுக்காதவர்கள் அடிபட்டுக் கிடப்பவரைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. கழுத்தெலும்பு உடைந்திருந்தால் நாமே அசைத்து ஆளை முடக்கிவிடுவோம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பதுதான் பொறுப்பான செயல். மாற்றுக் கருத்து உண்டா?

2 பிப்ரவரி, இரவு 9.40

பாதி சரி. மீதிப் பாதி உயிரை வாங்கிவிடும்.

தொடுவது வேறு, தூக்குவது வேறு. உயரத்திலிருந்து விழுந்தவரை, வண்டி மோதித் தூக்கி எறியப்பட்டவரை, நாலு பேர் கையையும் காலையும் பிடித்து அள்ளிக்கொண்டு ஓடுவது தவறு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் தலைமாட்டில் மண்டியிட்டு, தலையின் இரு பக்கமும் உள்ளங்கையை வைத்து, திரும்பாமல் பிடித்துக்கொண்டு, "அசையாதீங்க, நான் இங்கேயேதான் இருக்கேன்" என்று சொல்ல எந்தச் சான்றிதழும் வேண்டாம். காதை மட்டும் பொத்திவிடாதீர்கள், நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்க வேண்டும். உங்கள் முழங்கையைத் தரையிலோ தொடையிலோ ஊன்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஐந்தாவது நிமிடத்திலேயே கை நடுங்க ஆரம்பிக்கும்.

மூச்சு நின்றவர் விஷயமே தனி. இதயம் நின்றால் நாலு முதல் ஆறு நிமிடத்துக்குள் மூளை பழுதாகத் தொடங்குகிறது. யாரும் நெஞ்சை அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறையும் என்பது மருத்துவர்கள் வெகுகாலமாகச் சொல்லும் கணக்கு. ஆம்புலன்ஸ் என்னதான் பறந்து வந்தாலும் அந்த முதல் நிமிடங்கள் பக்கத்தில் நிற்பவர் கையில்தான் இருக்கின்றன. அங்கே கழுத்தெலும்புக் கவலைக்கு இரண்டாம் இடம்தான்.

2 பிப்ரவரி, இரவு 11.15

படுத்தும் தூக்கம் வரவில்லை. இதை எழுதிவிடுகிறேன்.

நான் 19 வருடம் ஓர் ஆலையில் மின் பராமரிப்பு வேலை பார்த்தவன். ஒருநாள் மதிய ஷிஃப்ட் முடியும் நேரம். லேத் பக்கத்தில் நின்றிருந்த மூத்த தொழிலாளி, நாங்கள் எல்லோரும் அண்ணே என்று கூப்பிடுபவர், கையைத் துடைத்துக்கொண்டே சரிந்தார். ஓடினோம். கண் பாதி திறந்திருந்தது. வாய் அகலத் திறந்து ஒரு இழுப்பு. அப்புறம் ஒன்றுமில்லை. போய்விட்டாரோ என்று நினைக்கும்போது, கரையில் போட்ட மீன் மாதிரி இன்னொரு இழுப்பு, தொண்டைக்குள் குறட்டைச் சத்தத்தோடு.

"மூச்சு வருதுடா, மூச்சு வருது" என்றார்கள். ஒருவர் அட்டையால் விசிறினார். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். இன்னொருவர் வாயில் ஊற்றப் போனார், அதை மட்டும் நான் தடுத்தேன். மற்றபடி நானும் அவர் கையைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆம்புலன்ஸில் வந்த பெண் அவரைப் பார்த்த இரண்டாவது நொடி நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். எங்கள் எல்லோருக்கும் அப்போதுதான் புரிந்தது. அண்ணன் திரும்பி வரவில்லை.

அந்த இழுப்புக்குப் பெயர் மூச்சு இல்லை. இதயம் நின்ற பிறகு மூளைத்தண்டு தானாக உந்தித் தள்ளுவது அது. தட்டிக் கூப்பிட்டால் எழவில்லை, 10 நொடி பார்த்தும் இயல்பான மூச்சு இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொண்டு அழுத்துங்கள். உண்மையில் நிற்காமல் இருந்தால்? பெரும்பாலும் அவர் முனகுவார், கையைத் தட்டிவிடுவார், நீங்கள் நிறுத்திவிடலாம். அதனால் பெரிய கெடுதல் வருவது அபூர்வம். அழுத்தாமல் விட்டால் மிஞ்சுவது எதுவுமில்லை.

3 பிப்ரவரி, காலை

எப்படி அழுத்துவது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

மெத்தையில் வேண்டாம், தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், நெஞ்சின் நடுவில், ஒரு உள்ளங்கையின் அடிப்பாகம். அதன் மேல் மறு கை. முழங்கை மடங்கக் கூடாது. உங்கள் தோள் அவர் நெஞ்சுக்கு நேர் மேலே வர வேண்டும், அப்போதுதான் கையின் பலத்தில் இல்லாமல் உடம்பின் எடையில் அழுத்துவீர்கள். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுசாக மேலே வர விட வேண்டும். இதைத்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். களைப்பில் அவர் மேலேயே சாய்ந்துகொண்டு அழுத்துவார்கள், இதயத்துக்குள் ரத்தம் திரும்பி நிரம்ப இடமே இருக்காது.

வாயோடு வாய் வைத்து ஊதத் தெரிந்தவர்கள் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. தெரியாதவர்கள், தயங்குபவர்கள், அழுத்தத்தை மட்டும் விடாமல் செய்தால் போதும்.

விலா எலும்பு நொறுங்கும் சத்தம் வரலாம். கேட்பதற்கு முன்பே உள்ளங்கையில் அது தெரிந்துவிடும், காய்ந்த சுள்ளி ஒடிவது போல. நிறுத்தாதீர்கள். எலும்பு கூடும்.

3 பிப்ரவரி, மதியம்

எண்ணுவது பற்றி ஒன்று. பயிற்சியில் 30 வரை எண்ணச் சொல்லுவார்கள். தமிழில் எண்ணிப் பாருங்கள். ஒன்னு, ரெண்டு, மூணு வரை தாளம் சரியாக இருக்கும். பதினேழு, பதினெட்டு வரும்போது இழுக்கும். இருபத்தெட்டு என்று சொல்லி முடிப்பதற்குள் கை காத்துக்கொண்டிருக்கும். ஓர் அழுத்தத்துக்கு அரை நொடிதான், அதற்குள் ஐந்து அசை நுழையாது. அதனால் நான் நடத்தும் முதலுதவி வகுப்பில் ஒன்று முதல் பத்து வரை மூன்று தடவை எண்ணச் சொல்லிக் கொடுக்கிறேன். வேகம் குறைவதே இல்லை. எத்தனையாவது பத்து என்பதைப் பக்கத்தில் இருப்பவர் விரல் நீட்டிக் காட்டலாம்.

3 பிப்ரவரி, இரவு

"இதெல்லாம் மருத்துவர்கள் வேலை" என்று எழுதியவருக்கு.

1960 வரை நீங்கள் சொல்வதுதான் நிலைமை. இதயம் நின்றால் நெஞ்சைக் கிழித்து உள்ளே கைவிட்டுப் பிசைய வேண்டும், அறுவை சிகிச்சை நிபுணர் வேண்டும். அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்று மூன்று பேர். கௌவன்ஹோவன் மருத்துவரே இல்லை, மின் பொறியாளர். அதனால் எனக்கு அவர் மேல் தனிப் பாசம். நாய்களின் இதயத்தை மின்னதிர்ச்சியால் சரிசெய்யும் ஆய்வில் இருந்தபோது, கனமான மின்தகடுகளை நெஞ்சில் வைத்து அழுத்தினாலே ரத்த அழுத்தம் ஏறுவதை நிக்கர்பாக்கர் கவனித்தார். தகட்டை விட்டுவிட்டு அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 1960இல் வெளியிட்ட கட்டுரையில், இதைச் செய்ய இரண்டு கைகள் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம் என்றுதான் எழுதினார்கள். முறையைக் கண்டுபிடித்தவர்களே நம்மை நம்பித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

பயிற்சிக்கு வைத்துக்கொள்ளும் பொம்மையும் அதே வருடம்தான். செய்தவர் நார்வே பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லார்டால்.

5 பிப்ரவரி, காலை

என் முதல் குறிப்பைத் திரும்பப் படித்தேன். ஒரு பக்கம் மட்டும் பேசியிருக்கிறேன். கேட்டவரின் "ஒதுங்கி நில்" என்பது சில இடங்களில் அப்படியே வேதவாக்கு. தண்ணீர், குழி, மின்சாரம். இந்த மூன்று இடத்திலும் ஓடிப் போகிறவர்தான் இரண்டாவது பிணம்.

குழியை முதலில் சொல்கிறேன், அதுதான் கண்ணுக்குத் தெரியாதது. கழிவுநீர்த் தொட்டி, மூடிக் கிடந்த கிணறு, தொழிற்சாலைத் தொட்டி. உள்ளே போனவர் சுருண்டு விழுகிறார். மேலே நிற்கும் நண்பர் வழுக்கி விழுந்தார் என்று நினைத்துக் குதிக்கிறார். அவரும் விழுகிறார். அவருடைய தம்பி குதிக்கிறார். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986இல் விட்ட எச்சரிக்கையில், இப்படிப்பட்ட அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று இருந்தது. எங்கள் ஆலைப் பயிற்சியில் இதைக் கேட்ட அன்று அறையில் ஒருவர்கூடப் பேசவில்லை.

ஏன் தப்ப முடிவதில்லை என்றால், மூச்சு முட்டுகிறது என்ற எச்சரிக்கையே வராது. நமக்கு மூச்சுமுட்டலைக் காட்டிக்கொடுப்பது ஆக்சிஜன் குறைவதல்ல, உடம்பில் கரியமிலவாயு கூடுவது. காற்றில் 21 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்சிஜன் பாதிக்கும் கீழே இறங்கிய இடத்தில் ஆள் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டே நினைவிழப்பார். கழிவு அழுகும்போது கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு இன்னும் மோசம். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமாகிவிட்டால் மூக்கின் நரம்பே மரத்துப்போய் நாற்றம் நின்றுவிடும். "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று சொல்லும் அந்த நிமிடம்தான் சாவு.

அப்போ என்ன செய்வது? கத்தி ஆள் கூட்டுங்கள், தீயணைப்பு மீட்புப் படையைக் கூப்பிடுங்கள், மூச்சுக் கருவியோடு வருவது அவர்கள்தான். உள்ளே இருப்பவர் இடுப்பில் முன்பே கயிறு கட்டியிருந்தால் மேலே நின்றே இழுங்கள். காற்றடிக்கும் இயந்திரம் இருந்தால் வெளியிலிருந்து நல்ல காற்றை உள்ளே தள்ளுங்கள். சுத்த ஆக்சிஜனை மட்டும் திறந்துவிடாதீர்கள், ஒரு பொறி பட்டால் எல்லாம் எரியும். அடுத்து இறங்கத் துடிப்பவரை இரண்டு பேர் கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் உங்களைத் திட்டுவார், அடிப்பார். விடாதீர்கள்.

5 பிப்ரவரி, இரவு

மின்சாரம். என் வேலை என்பதால் கொஞ்சம் நீளும்.

வீட்டு மின்சாரம் என்றால் முதலில் மெயின் சுவிட்ச். அதைத் தேட நேரமாகும் என்றால், காய்ந்த மரப்பலகை எதன் மேலாவது ஏறி நின்று, காய்ந்த கட்டையால் கம்பியை விலக்குங்கள். "ஏன் அவர் கையை விடவில்லை" என்று கேட்பார்கள். மாறுமின்னோட்டம் முன்கைத் தசைகளை இறுக்கிவிடும். விரலை மடக்கும் தசை நீட்டும் தசையைவிட வலுவானது, அதனால் கை கம்பியை இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். அவர் விட நினைத்தாலும் கை விடாது. இதனால்தான் சந்தேகமான ஒன்றைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தால் பழைய ஆட்கள் புறங்கையை வைப்பார்கள். நீங்கள் அதையும் செய்யாதீர்கள், டெஸ்டர் இருக்கிறது.

அறுந்து விழுந்த உயர்மின் கம்பி பக்கம் மரக்கட்டை வேலைக்கு ஆகாது. குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள், மின்வாரியம் நிறுத்திவிட்டதாக உறுதி சொல்லும்வரை. தரையே மின்னேற்றமாக இருக்கும். ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் இடையில் மின்னழுத்த வேறுபாடு இருந்தால் உடம்பு வழியாகப் பாயும். அந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டால் ஓடாதீர்கள். இரண்டு பாதமும் ஒட்டியபடி, தரையை விட்டு எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து வெளியே வாருங்கள். கார் மேல் கம்பி விழுந்தால் உள்ளேயே இருப்பது நல்லது. தீப்பிடித்தால் மட்டும், காரையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு காலும் சேர்த்துக் குதிக்க வேண்டும்.

6 பிப்ரவரி

தண்ணீர். மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கத்துவதற்கு மூச்சு வேண்டும், அதற்குத்தானே அவர் போராடுகிறார். உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா படம்பிடித்துப் பார்த்து எழுதியது இது: வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வரும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும், உடம்பு செங்குத்தாக நிற்கும், சத்தம் இருக்காது. இது 20 முதல் 60 நொடிவரைதான். குழந்தைகள் தண்ணீரில் அமைதியாகிவிட்டால் அந்த நொடியே பாருங்கள்.

அருகே போனால் உங்கள் தலைமேல் ஏறுவார். அவர் நல்லவரா கெட்டவரா என்பதெல்லாம் அங்கே கிடையாது, பிடிப்பது உடம்பு. அதனால் முதலில் கம்பு, துண்டு, எதையாவது நீட்டுங்கள். நீட்டும்போது கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு நீட்டுங்கள், நின்றால் உங்களையும் இழுத்துவிடுவார். எட்டவில்லையா, மூடி இறுக்கிய காலி கேனைக் கயிற்றில் கட்டி வீசுங்கள். அவர் தலைக்குப் பின்னால் விழும்படி வீசினால் இழுக்கும்போது தோளில் வந்து தட்டும். நீந்தத் தெரியும் என்பது வேறு, மூழ்குபவரை இழுத்து வரத் தெரியும் என்பது வேறு.

வெளியே எடுத்ததும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கும் வேலை வேண்டாம். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். இங்கே மட்டும் மூச்சுதான் முதலில், ஏனென்றால் இதயம் நின்றதே ஆக்சிஜன் இல்லாமல்தான். ஐரோப்பிய வழிகாட்டுதல் முதலில் ஐந்து மூச்சு என்கிறது, அமெரிக்க வழிகாட்டுதல் இரண்டு என்கிறது. எண்ணிக்கைக்காகச் சண்டை போடாதீர்கள், ஊதிவிட்டு அழுத்துங்கள்.

9 பிப்ரவரி

திருத்தம். போன வருடம் வேறொரு இடத்தில், பெரியவர்களுக்குத் தொண்டையில் ஏதாவது சிக்கி மூச்சு அடைத்தால் நேராக வயிற்றழுத்தம் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தேன். அதை இங்கே ஒருவர் எடுத்துப் போட்டிருக்கிறார். 2025 அக்டோபரில் வந்த அமெரிக்க இதயச் சங்கத்தின் புதிய வழிகாட்டுதல், முதலில் தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் ஐந்து தட்டு, அப்புறம் தொப்புளுக்கு மேலே ஐந்து அழுத்தம், வெளியே வரும்வரை மாற்றி மாற்றி என்கிறது. ஐரோப்பியர்கள் முன்பிருந்தே இப்படித்தான் சொல்லி வந்தார்கள். நானும் மாற்றிக்கொண்டேன்.

தட்டும்போது ஆளை முன்னால் குனிய வையுங்கள், நிமிர்ந்து நின்றால் அடைத்தது இன்னும் உள்ளேதான் போகும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது. தலை தாழ முன்கையில் குப்புறப் போட்டு முதுகில் ஐந்து, திருப்பிப் போட்டு நெஞ்சில் ஐந்து. கர்ப்பிணிக்கும் நெஞ்சில்தான். இருமிக்கொண்டிருப்பவரை மட்டும் இருமவிடுங்கள், அந்த இருமலைவிட நல்ல மருந்து நம்மிடம் இல்லை. சத்தமே இல்லாமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்தான் நம் ஆள். கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டுத் துழாவ வேண்டாம்.

9 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

தீக்காயம் கேட்டவருக்கு: ஓடும் குளிர்ந்த தண்ணீர், 20 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம். மோதிரத்தை வீங்குமுன் கழற்றுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

12 பிப்ரவரி

ரத்தப்போக்கு பற்றி மனசை மாற்றிக்கொண்ட கதை. டூர்னிக்கெட் என்பது ரத்தத்தை நிறுத்தக் கையிலோ காலிலோ இறுக்கிப் போடும் கட்டு. பல வருடம் "டூர்னிக்கெட் கட்டவே கூடாது, காலே போய்விடும்" என்று வகுப்பில் சொல்லி வந்தேன். எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் ராணுவ மருத்துவர்கள் பார்த்தது அந்தப் பயத்தைத் தள்ளிவிட்டது. சரியாகக் கட்டி, இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேர்த்தால் கட்டினதால் மட்டும் கால் போவது அரிது. ரத்தம் போனால் ஆளே போய்விடுவார்.

ஆனாலும் முதல் வேலை கைதான். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உடம்பு எடையைப் போட்டு அமுக்குங்கள். நின்றுவிட்டதா என்று துணியைத் தூக்கித் தூக்கிப் பார்க்காதீர்கள். உறையத் தொடங்கிய ரத்தம் ஒவ்வொரு தடவையும் துணியோடு பிய்ந்து வரும். நனைந்தால் மேலே இன்னொரு துணி. குத்தி நிற்கும் கத்தியை, கம்பியைப் பிடுங்காதீர்கள், அதுதான் அடைப்பான்.

கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டு, அமுக்கியும் நிற்கவில்லை என்றால் கட்டு. காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் இல்லாமல். இடுப்பு பெல்ட் இறுகாது, நானே கட்டிப் பார்த்திருக்கிறேன். அகலத் துணியைக் கட்டி, முடிச்சுக்குள் குச்சி வைத்து, ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். வலிக்கும், கத்துவார். கட்டிய நேரத்தை அவர் நெற்றியிலேயே பேனாவால் எழுதுங்கள். அப்புறம் தளர்த்தாதீர்கள்.

12 பிப்ரவரி, பத்து நிமிடம் கழித்து

அவசரத் திருத்தம், யாராவது தப்பாக எடுத்துக்கொள்ளுமுன். இந்தக் கட்டு ரத்தப்போக்குக்கு மட்டும். பாம்புக்கடிக்கு வேண்டவே வேண்டாம். அங்கே கட்டவும் கூடாது, கீறவும் கூடாது, உறிஞ்சவும் கூடாது. கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

15 பிப்ரவரி

மீட்பு நிலை பற்றி: நினைவில்லை, ஆனால் நன்றாக மூச்சு விடுகிறார், அடிபட்ட அறிகுறி இல்லை என்றால் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள். நாக்கு பின்னால் சரியாது, வாந்தி வெளியே போகும். வலிப்பு வந்தவருக்கும் வலிப்பு நின்றதும் இதேதான். வலிப்பின்போது பிடிக்க வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம், தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து நேரம் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

போன வாரம் வகுப்பில் இதற்கு எட்டு வயதுப் பையன் ஒருவனை மயங்கியவனாகப் படுக்க வைத்தோம். யார் தோளைத் தொட்டாலும் கிளுகிளுவென்று சிரித்தான். ஐந்து பேர் முயன்றார்கள், ஐந்து தடவையும் சிரிப்பு. கடைசியில் அவன் தங்கை தீர்ப்பு சொன்னாள்: "சிரிக்கிறான்னா மூச்சு இருக்கு மாஸ்டர், அடுத்தவங்களைப் பாருங்க." காயம்பட்டவர்கள் பலர் இருக்கும் இடத்தில் செய்ய வேண்டியதே அதுதான். சத்தம் போடுகிறவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமில்லாதவரிடம் முதலில் போங்கள்.

21 பிப்ரவரி

முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். வீட்டில் கெட்டித் தலையணையைத் தரையில் போட்டு மகளோடு சேர்ந்து அழுத்திப் பார்த்தாராம். ஒரு நிமிடத்துக்குள் கை தளர்ந்துவிட்டதாம், நம்மால் முடியாது போலிருக்கிறதே என்கிறார்.

எல்லோருக்கும் அப்படித்தான். பயிற்சி பெற்றவர்களுக்கே தளர்வது தெரியுமுன் ஆழம் குறைந்துவிடும், அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கொரு முறை ஆள் மாறச் சொல்கிறார்கள். மகளை எதிர்ப்பக்கம் மண்டியிட வையுங்கள். நீங்கள் மூன்றாவது பத்தை எண்ணும்போதே அவர் கை காற்றில் தயாராக இருக்கட்டும். நீங்கள் "பத்து" என்றதும் உங்கள் கை எழ, அவர் கை இறங்க வேண்டும். நடுவில் ஐந்து நொடிகூடப் போகக் கூடாது. இன்று மாலை அந்த மாற்றத்தை மட்டும் பத்து தடவை செய்து பாருங்கள். எத்தனையாவது தடவையில் கை முட்டிக்கொள்ளாமல் மாற முடிந்தது என்று எழுதுங்கள்.